மாடி அறையில் இருக்கும் ஹாம் நிலையம்: பிரிப்பதற்கு முன் அறிய வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பது இது. கண்டனூரில் பூட்டியிருக்கும் பூர்வீக வீட்டின் மாடி அறையில், ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக வானொலியில் பிறரோடு பேச அரசு தரும் அனுமதி) பெற்றிருந்த உங்கள் ஐயாவின் வானொலிக் கருவிகள் அவர் காலமானது முதல் இருபது ஆண்டுகளாக வைத்தது வைத்தபடி இருக்கின்றன. கறுப்பு நிற நேஷனல் எச்.ஆர்.ஓ. ரிசீவர், அதற்குரிய நான்கு காயில் பெட்டிகள், அவர் தம் கையாலேயே கட்டிய டிரான்ஸ்மிட்டர், யேசு எஃப்.டி.101ஈ செட், இரண்டு பித்தளை மோர்ஸ் கீக்கள், ஒரு பிஸ்கட் டின் நிறையப் படிகங்கள், கட்டுக்கட்டாக அட்டைகள், ‘சி 180’, ‘பி 212’ என்று பொருள் விளங்காத எண்கள் எழுதிய பேரேடுகள் ஆகியவை அங்கு உள்ளன. காரைக்குடியிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ரிசீவரையும் கீக்களையும் மட்டும் நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா, மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா, வீட்டில் வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் உண்டா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

பிரித்துக் கொடுக்க வேண்டாம். இப்போதைக்கு எந்தச் சுவிட்சையும் போட வேண்டாம். சட்டச் சிக்கல் உண்டு, ஆனால் அது முறையாகத் தீர்த்துக்கொள்ளக் கூடியதே. இந்த மூன்று விடைகளுக்கும் காரணம் சொல்ல வேண்டுமானால், உங்களுக்குப் பொருள் விளங்காத அந்த எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எச்.ஆர்.ஓ. ரிசீவரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த நேஷனல் நிறுவனம் 1935-இல் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் எதிரியின் மோர்ஸ் செய்திகளை ஒட்டுக்கேட்ட பிரிட்டிஷ் நிலையங்கள் பெருமளவில் நம்பியிருந்த ரிசீவர் இது. ஜெர்மானியர்களே இதைப் பார்த்து நகல் செய்தார்கள் என்றால் இதன் தரத்துக்கு வேறு சான்று தேவையில்லை. சாதாரண ரேடியோவில் அலைவரிசையை மாற்ற ஒரு குமிழைத் திருப்புவோம். எச்.ஆர்.ஓ.-வில் அதற்குப் பதிலாக, முன்பக்கத்தின் அடியில் உள்ள காயில் பெட்டியையே இழுப்பறைபோல் உருவிவிட்டு வேறு பெட்டியைச் செருக வேண்டும். ஏ, பி, சி, டி என்ற நான்கு பெட்டிகளும் சேர்ந்து ஏறக்குறைய 1.7 மெகாஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஈடுகட்டும். நடுவில் இருக்கும் பெரிய வட்ட டயலில் அலைவரிசை எழுதியிருக்காது. 0 முதல் 500 வரை வெறும் எண்களே இருக்கும். டயலைப் பத்துச் சுற்றுச் சுற்றினால்தான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக முடியும். சுற்றச் சுற்றச் சிறு சாளரங்களில் எண்கள் மாறி வரும் அந்தப் பொறியமைப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்த எண் எந்த அலைவரிசை என்பதை அந்தந்தக் காயில் பெட்டியின் முகப்பில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே உங்கள் ஐயா எழுதிய ‘சி 180’ என்பது, சி பெட்டியைச் செருகி டயலை 180-இல் நிறுத்தியபோது அந்த நிலையம் கேட்டது என்பதற்கான குறிப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள நான்கு திருகுகளை இடம் மாற்றினால் ஹாம்களுக்குரிய குறுகிய பட்டை மட்டும் டயல் முழுதும் விரிந்து நிற்கும். சி பெட்டியில் அப்படி விரிவது 7 மெகாஹெர்ட்ஸ் பட்டை, பி பெட்டியில் 14 மெகாஹெர்ட்ஸ் பட்டை. திருகுகள் அந்த நிலையில் இருந்தால் ‘சி 180’ என்பது 7.1 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இடம். அந்தத் திருகுகளை நீங்கள் தொடவே கூடாது. அவை இன்று எந்தக் குழியில் இருக்கின்றனவோ அதுவும் ஐயா விட்டுச்சென்ற குறிப்புகளில் ஒன்று.

ரிசீவர் இல்லாமல் பெட்டி பயன்படாது. பெட்டி இல்லாமல் ரிசீவரில் சத்தமே வராது. இரண்டும் இல்லாமல் பேரேட்டின் எண்களுக்குப் பொருள் இல்லை. பெட்டிகளின் உள்ளே உள்ள சிறு சரிசெய் கண்டென்சர்கள் (மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்புகள்) அந்தக் குறிப்பிட்ட ரிசீவரோடு பொருந்தும்படி சீரமைக்கப்பட்டிருப்பதால், வேறோர் எச்.ஆர்.ஓ.-வின் பெட்டியைக் கொண்டுவந்து செருகினாலும் வரைபடம் ஒத்துப்போகாது. சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடை வாசலில், மரப்பாச்சிகளுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் நடுவே, எச்.ஆர்.ஓ. காயில் பெட்டி ஒன்றை மட்டும் பார்த்தேன். ரிசீவர் எங்கே என்று கேட்டதற்கு, அது முன்பே வெளியூருக்குப் போய்விட்டது என்றார் கடைக்காரர். எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெட்டியை வாங்கி வந்து வைத்திருக்கிறேன். பதினைந்து நிமிட வேலையில் அந்த நிலையம் என்றென்றைக்குமாகக் குலைந்துபோனதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். உங்கள் வியாபாரி ரிசீவரை மட்டும் கேட்பது தப்பெண்ணத்தால் அல்ல. வரவேற்பறையில் வைக்க அது அழகாக இருக்கும் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

இனி, கையால் கட்டிய டிரான்ஸ்மிட்டர். வியாபாரி அதைக் கேட்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சேகரிப்பில் ஈடு செய்ய முடியாத பொருள் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. எச்.ஆர்.ஓ. உலகில் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும். இது ஒன்றே ஒன்று. நீங்கள் அனுப்பிய படத்தில், தலையில் உலோகத் தொப்பியோடு நிற்கும் கண்ணாடிக் குழாய்களான இரண்டு வால்வுகளும் 807 வகையைச் சேர்ந்தவை. 1930-களில் வந்த இந்த வால்வு போர்க்காலத்தில் ஏராளமாக உற்பத்தியாகி, போருக்குப் பின் கழிவு ஏலங்களில் மலிவாகக் கிடைத்தது. அந்தத் தலைமுறையின் ஹாம்களில் பெரும்பாலோர் டிரான்ஸ்மிட்டரின் இறுதிக் கட்டத்துக்கு இதையே நம்பினார்கள். 600 வோல்ட் வரை தாங்கும் இந்த வால்வின் தொப்பியில்தான் அந்த உயர் மின்னழுத்தம் திறந்தபடி நிற்கும் என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

டின்னில் இருக்கும் படிகங்கள் இந்த டிரான்ஸ்மிட்டருக்கு உரியவை. இரண்டு காலுடைய கறுப்புப் பெட்டிக்குள் குவார்ட்ஸ் தகடு ஒன்று இருக்கும். அதன் கனம் எவ்வளவோ அதற்கேற்ற ஒரே அலைவரிசையில்தான் அது அதிரும். ஒரு படிகம் என்றால் ஓர் இடம். அந்த இடத்தில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது அடுத்த படிகத்தைச் செருக வேண்டும். தகட்டை மெல்லிய உராய்பொடியில் தேய்த்துக் கனத்தைக் குறைத்தால் அலைவரிசை ஏறும் என்பதால், போர்க்காலப் படிகங்களைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஹாம் பட்டைக்குள் கொண்டுவந்தவர்கள் உண்டு. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை அடித்துவிட்டுப் பென்சிலால் வேறு எண் எழுதியிருந்தால், அது உங்கள் ஐயா தேய்த்த படிகமாக இருக்கலாம். அந்தப் பென்சில் எழுத்தைத் துடைத்துவிடாதீர்கள்.

மின்சாரம் கொடுக்கும் கேள்விக்கு வருகிறேன். இதில் மட்டும் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். இருபது ஆண்டு உறங்கிய வால்வு செட்டை நேரே சுவிட்சில் போடுவதைப் போன்ற தவறு வேறில்லை. பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள், அலுமினியத் தகட்டின்மீது படிந்த மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்காப்பாக நிற்கிறது. மின்னழுத்தம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது அந்தப் படலம் சிதைந்துவிடும். திடீரென முழு அழுத்தமும் வந்தால், கசியும் மின்னோட்டத்தால் கண்டென்சர் சூடாகி, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். அதோடு மாற்றுக் கிடைக்காத டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகும். நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது பொறுமையின்றி இப்படி ஒரு பவர் சப்ளையை எரித்திருக்கிறேன். அது என் ஆசிரியருடையது. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை என்பதனாலேயே அது இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது.

சரியான முறை, மாறு டிரான்ஸ்பார்மர் எனப்படும் வேரியாக் வழியாகவும், தொடரில் ஒரு குண்டு பல்பு வைத்தும், மிகக் குறைந்த வோல்ட்டில் தொடங்கிப் பல மணி நேரத்தில் படிப்படியாக ஏற்றுவது. அப்போது ஆக்சைடு படலம் மீண்டும் உருவாகலாம். உருவாகாத கண்டென்சரை மாற்றியே ஆக வேண்டும். உலோகத்தின் மேற்பரப்பில் நடக்கும் இத்தகைய மின்வேதி மாற்றங்களை ஆராய்வதற்கென்றே, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் காரைக்குடியிலேயே இருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மெழுகு பூசிய பழைய காகிதக் கண்டென்சர்கள் இதைவிட மோசம். அவற்றுக்கு மறுவாழ்வு கிடையாது. ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். ஆனால் பழைய கண்டென்சரைத் தூக்கி எறியாமல், எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

சுவரில் செருகுவதற்கு முன் பவர் சப்ளையின் பெயர்த்தகட்டையும் படியுங்கள். அமெரிக்கச் செட் என்பதால் அது 115 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் போட்டால் அந்தக் கணமே முடிந்துவிடும். துணி சுற்றிய பழைய ஒயரை வளைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் அப்பளம்போல் நொறுங்கினால் அதை முதலில் மாற்ற வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரின் அடித்தட்டில், உள்ளே வெள்ளி நிறத்தில் துளித்துளியாக ஏதோ ஒட்டியிருக்கும் இரண்டு பெரிய வால்வுகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவை மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் 866 வகைப் பாதரச ஆவி ரெக்டிஃபையர்களாக இருக்க வேண்டும். அவற்றை அசைத்தாலோ சாய்த்தாலோ பாதரசம் உள்ளுறுப்புகளின்மேல் தெறித்துவிடும். அந்த நிலையில் உயர் அழுத்தம் கொடுத்தால் உள்ளுக்குள் மின்பொறி பாய்ந்து அழியும். இழையை மட்டும் அரை மணி நேரம் எரியவிட்டுப் பாதரசத்தை இடத்துக்குத் திரும்பச் செய்த பிறகே மற்றதெல்லாம். உடைந்தால் பாதரசம் நச்சு என்பதால், குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அவற்றை நிமிர்த்தியபடியே துணி சுற்றித் தனிப் பெட்டியில் வைப்பதே நல்லது. இன்னொன்று: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கண்டென்சர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். நன்கு காய்ந்த மரக்கழியின் நுனியில் கம்பி கட்டி, கம்பியின் மறுமுனையைச் செட்டின் உலோக அடிச்சட்டமான சேசிஸில் இணைத்து, தொட்டு இறக்கிய பிறகுதான் அந்தக் கால ஹாம்கள் உள்ளே கை விடுவார்கள். அறையின் மூலையில் அப்படி ஒரு கழி சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவும் நிலையத்தின் உறுப்பு.

எஃப்.டி.101ஈ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1970-களில் ஜப்பானிலிருந்து வந்து உலகெங்கும் ஹாம்களின் மேசையில் இடம்பிடித்த செட் அது. பெரும்பகுதி டிரான்சிஸ்டர், டிரைவரும் இறுதிக் கட்டத்தின் இரண்டு 6ஜேஎஸ்6சி வால்வுகளும் மட்டும் கண்ணாடிக் குழாய்கள். அந்த 6ஜேஎஸ்6சி தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கென்று தயாரித்த வால்வு. இன்று கிடைப்பது அரிது. அதனால் அந்த வால்வுகளின் இழையை நிறுத்திவிட்டு ரிசீவராக மட்டும் இயக்கிப் பார்க்கும்படி, பழுது பார்ப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்துவைத்தவர். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பத்து ஆண்டில் செய்யும் அரிப்பைச் செட்டிநாட்டின் வறண்ட காற்று ஐம்பது ஆண்டிலும் செய்வதில்லை. ஆனால் மேல்தளத்தின் சித்திரை வெயில் காயில்களின் மெழுகையும் டிரான்ஸ்பார்மரின் கீலையும் உருக்கிவிடும். எனவே கோடை தொடங்குமுன் எல்லாவற்றையும் கீழே, சுண்ணாம்புச் சுவர் தடித்த இரண்டாங்கட்டு அறை ஒன்றுக்கு இறக்கிவிடுங்கள். தரையில் வைக்காமல், கரையான் ஏறாதபடி இரும்பு அலமாரியில் வையுங்கள். இறக்குவதற்கு முன், எந்த ஒயர் எங்கே போகிறது என்பது தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் சீட்டுக் கட்டுங்கள். செட்டுகளுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதை ஊதவோ கழுவவோ செய்யாமல் மெல்லிய தூரிகையால் உதிர்த்தெடுக்க வேண்டும். அந்துருண்டை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அது கூடாது. அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைப்பதால் சில காயில் உருளைகளும் கண்டென்சர்களும் பிசுபிசுத்துப் போகும்.

பித்தளைக் கீக்களைப் பார்த்ததும் வீட்டில் யாராவது புளியோடு வருவார்கள். குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் அது சரி. கீயின்மேல் பூசிய மெருகெண்ணெயும், கைபட்டுக் கைபட்டு ஏறிய நிறமும் புளியில் போய்விடும். இடுக்கில் தங்கும் அமிலம் திருகுகளை அரிக்கும். உலர்ந்த மெல்லிய துணி போதும். தொடுமுனைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து அழுத்தி இழுத்தால் அங்கே உள்ள கறுப்பு காகிதத்தில் வந்துவிடும். எச்.ஆர்.ஓ.-வின் சுருக்கம் விழுந்த கறுப்புப் பூச்சுக்கும் இதே விதி. புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டால் பிறகு அந்த ரிசீவரை யாரும் மதிக்க மாட்டார்கள்.

பேரேடுகளும் அட்டைகளும்தான் எனக்கு மிகவும் ஆவலூட்டுபவை. தொடர்பு கொண்ட நாள், கிரீனிச் நேரம், எதிர் நிலையத்தின் அழைப்புக்குறி, ஒலியின் தெளிவையும் வலிவையும் காட்டும் எண்கள் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பது ஹாம்களின் கடமை. வட்டிக்கடைக் கணக்கில் ஒரு தம்பிடியும் பிசகாமல் எழுதிப் பழகிய வீட்டில் வளர்ந்தவர் அதை எப்படி எழுதியிருப்பார் என்று உங்கள் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தொடர்பை உறுதிசெய்து இரு தரப்பும் அஞ்சலில் அனுப்பிக்கொள்வதே கியூ.எஸ்.எல். அட்டை. அழைப்புக்குறியின் முதலெழுத்துகளைப் பாருங்கள்: எக்ஸ்.இசட். என்றால் பர்மா, வி.எஸ்.7 என்றால் அன்றைய இலங்கை, பின்னர் அதுவே 4எஸ்7, வி.எஸ்.2 மலேயா, பின்னர் 9எம்2, வி.எஸ்.1 சிங்கப்பூர், பின்னர் 9வி1. நகரத்தார் கொண்டுவிற்கப் போன ஊர்களெல்லாம், கப்பல் ஏறாமலே, இந்த மாடி அறைக்கு வந்து பேசியிருக்கின்றன. போர் தொடங்கிய 1939-இல் இந்திய ஹாம்கள் தங்கள் டிரான்ஸ்மிட்டர்களைக் காவல்துறையிடம் ஒப்படைக்க உத்தரவாயிற்று. போருக்குப் பின்னரே உரிமங்கள் மீண்டும் கிடைத்தன. ஆகையால் முதல் பேரேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதையும், எச்.ஆர்.ஓ. முதன்முதலாக எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிசீவர் எப்போது வீட்டுக்கு வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அட்டைகளை லேமினேட் செய்யாதீர்கள். இரு பக்கமும் ஸ்கேன் செய்துவிட்டு, கட்டியிருந்த வரிசையிலேயே பெட்டியில் வையுங்கள்.

சட்டம். 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படியே, கம்பியில்லாக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதுகூடக் குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவியை வைத்திருக்க அனுமதி தேவை என்றே சொல்கிறது. ஹாம் உரிமம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் சொத்து அன்று. உங்கள் ஐயாவோடு அது முடிந்துவிட்டது. எனவே டிரான்ஸ்மிட்டரையும் எஃப்.டி.101-ஐயும் உரிமம் இல்லாத வியாபாரியிடம் கொடுப்பது உங்கள் இருவரையும் சிக்கலில் மாட்டிவைக்கும். ஐயாவின் பழைய உரிம நகலைத் தேடி எடுத்து, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் ஹாம் உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவுக்கு எழுத்து மூலம் நிலைமையைத் தெரிவித்துவிட்டு, நடப்பு உரிமம் உள்ள ஒரு ஹாமின் பொறுப்பில் பட்டியலுடன் ஒப்படைப்பது நேரான வழி. அதைவிட நல்ல வழி, உங்கள் வீட்டிலேயே ஒருவர் உரிமம் எடுப்பது. 12 வயது நிரம்பியவர் எவரும் தேர்வு எழுதலாம். முதல் நிலையான ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். ஜெனரல் நிலைக்குத்தான் நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். பள்ளியில் படிக்கும் மகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தினமும் வானொலியில் பேச அவளுக்கு ஐயாவின் டிரான்ஸ்மிட்டர் வேண்டாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-இல் வடிவமைத்த பிட்எக்ஸ் போன்ற, எளிய உதிரிகளில் கட்டக்கூடிய செட் ஒன்றே தொடக்கத்துக்குப் போதுமானது.

ரிசீவரைத் தேர்ந்த ஒருவர் சீர்செய்து கொடுத்த பிறகு, ஏரியலுக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைப்போல் எனப்படும் கம்பி ஏரியலின் நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லைவாசலுமாக நீளும் உங்கள் வீட்டின் மாடியில் அதைப்போல் இரண்டைக் கட்டலாம். ஓட்டு முகட்டிலோ கைப்பிடிச் சுவரிலோ கம்பிக்கு மின்காப்பாக இருந்த பழைய பீங்கான் முட்டைகள் தொங்கினால், ஐயாவின் கம்பி சென்ற தடம் அதுவே. இடி மின்னல் காலத்தில் ஏரியலைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். பிறகு, ஒரு காலை வேளையில் சி பெட்டியைச் செருகுங்கள். மோர்ஸைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக்கும் பீட் ஆசிலேட்டர் சுவிட்சைப் போட்டு, வரும் அலையைப் பெருக்கும் அளவான ஆர்.எஃப். கெயினைக் குறைத்துக்கொண்டு, பேரேட்டில் எழுதியிருக்கும் 180-ஐ நோக்கி டயலை மெல்ல மெல்லத் திருப்புங்கள். நம் நாட்டு ஹாம்கள் காலையில் கூடிப் பேசும் இடங்கள் இன்றும் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன.